ஆட்டம் முடிந்த பிறகு காட்டப்பட்ட விதி

காவேரிப்பட்டினத்துக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து 36 வயது வாசகர் ஒருவர் எட்டுப் பக்கங்களுக்கு எழுதியிருக்கிறார். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறார்; கல்லூரியில் புள்ளியியல் படித்தவர். 21 ஐத் தாண்டாமல் அதை நெருங்கப் பார்க்கும் சீட்டாட்டமான பிளாக்ஜாக்கில் வெளியேறிய சீட்டுகளை மனத்தில் எண்ணிக்கொண்டு, மீதமுள்ள கட்டு தமக்குச் சாதகமாக இருக்கும்போது மட்டும் பந்தயத்தைக் கூட்டும் முறையை இரண்டு ஆண்டுகள் பயின்றதாகச் சொல்கிறார். நண்பர்களுடன் மூன்றாவது முறையாகக் கோவாவின் பனாஜியிலுள்ள ஒரு கேசினோவுக்கு (சூதாட்டக் கூடம்) சென்றபோது, இரண்டு இரவுத் தங்கல், சாப்பாடு, ஒருமுறை மட்டும் ஆடத்தக்க ₹10,000 மதிப்புள்ள சிப்புகள் (பணத்துக்குப் பதில் மேசையில் வைக்கும் வில்லைகள்) எல்லாம் சேர்ந்த தொகுப்புக்கு ₹30,000 முன்பணமாகக் கட்டியிருக்கிறார். புறப்படுவதற்கு நான்கு நாட்களுக்கு முன் அந்தக் கேசினோவின் விற்பனைப் பிரிவிலிருந்து, "தோற்ற தொகையில் 20 விழுக்காடு, அதிகபட்சம் ₹50,000 வரை, மறுநாள் ரொக்கமாகத் திருப்பித் தரப்படும்" என்று வாட்ஸ்அப் செய்தி வந்திருக்கிறது.

முதல் இரவில் ₹1,80,000 தோற்றார். மறுநாள் காலை ₹36,000 கேட்கப் போனபோது மேலாளர் கேமராப் பதிவுகளைக் குறிப்பிட்டு, "நீங்கள் சீட்டு எண்ணுகிறீர்கள்" என்று கூறி, ஆங்கிலத்தில் அச்சிட்ட துண்டறிக்கை ஒன்றை நீட்டியிருக்கிறார். திறமைமிக்கவர், தொழில்முறை ஆட்டக்காரர் என்று நிர்வாகம் கருதும் எவருக்கும் சலுகை பொருந்தாது என்பது அதன் பதினோராவது விதி. மீதமிருந்த ₹4,000 சிப்புகள் செல்லாதவை ஆயின. நண்பகலுக்குள் அறையையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் இருக்கும் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபம் போய் நிற்கும் இடம் சரியானதில்லை என்று நினைக்கிறேன். "திறமை இருப்பது குற்றமா? திறமை விளையாட்டு ஆடுவது அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே" என்று மூன்று இடங்களில் கேட்டிருக்கிறீர்கள். அதை முதலில் பார்த்துவிடுவோம்.

திறமையும் உரிமையும்

1957 இல் பரிசுப் போட்டிகளைப் பற்றிய சமர்பாக்வாலா வழக்கு, 1968 இல் ரம்மி பற்றிய சத்யநாராயணா வழக்கு, 1996 இல் நம் மாநிலத்திலிருந்தே போன குதிரைப் பந்தயத்தைப் பற்றிய லட்சுமணன் வழக்கு ஆகியவற்றில் உச்ச நீதிமன்றம், திறமை மேலோங்கிய விளையாட்டு சூதாட்டம் ஆகாது என்று கூறியது உண்மை. அந்த வழக்குகள் அரசோடு நடந்தவை. அத்தகைய விளையாட்டை நடத்துபவரைச் சூதாட்டச் சட்டத்தின் கீழ் தண்டிக்க முடியுமா என்பதே அங்கே கேள்வி. ஒரு தனியார் நிறுவனம் உங்களை மேசையில் உட்கார வைத்தே ஆக வேண்டும் என்று அவற்றில் எங்கும் சொல்லப்படவில்லை. அரசமைப்பின் 15(2) ஆம் பிரிவு கடை, உணவகம், பொதுக் கேளிக்கை இடம் ஆகியவற்றில் நுழைவதைத் தடுக்கக்கூடாது என்று கூறுவதும் சமயம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் மட்டுமே. புள்ளியியல் தெரிந்தவர் என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

தருமபுரியில் தீபாவளி நேரத்தில் துணிக்கடை வாசலில் தொங்கும் பலகையைப் பார்த்திருப்பீர்கள்: "மொத்த வியாபாரிகளுக்கு இச்சலுகை கிடையாது." அதைப் படித்துவிட்டு எந்த வியாபாரியும் வழக்குப் போடுவதில்லை, ஏனென்றால் பலகை வாசலில் இருக்கிறது. அதே பலகையைப் புடவைகளை அடுக்கிப் பணத்தையும் வாங்கிய பிறகு கல்லாவுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் காட்டினால் கதை வேறு. உங்களை விலக்கியதில் சட்டக் குறை இல்லை; உங்கள் பணத்தை ஆடவிட்டு, நீங்கள் தோற்ற பிறகு விலக்கியதில் இருக்கிறது. உங்கள் வழக்கு முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்க வேண்டும்.

அவர்கள் ஏன் உங்களைக் கண்டு அஞ்சுகிறார்கள்?

மறுதரப்பின் கணக்கு தெரியாமல் நோட்டீஸ் எழுதக் கூடாது என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏறக்குறைய சரிபாதி வாய்ப்புள்ள ஆட்டத்தில் ₹50,000 ஐ ஒரே முறை வைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வென்றால் ₹50,000 வரும். தோற்றால், 20 விழுக்காடு திரும்புவதால், போவது ₹40,000 மட்டுமே. வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 47.5 ஆக இருந்தாலும் சராசரியில் அந்த ஒரு பந்தயத்தில் ₹2,750 ஆட்டக்காரர் பக்கம் நிற்கும். ஆக, சலுகை சூத்திரத்தையே தலைகீழாக்கிவிடுகிறது. ஆனால் அதே ஆள் இரவு முழுவதும் ஆடினால், ஒவ்வொரு பந்தயத்திலும் நிறுவனத்துக்குள்ள சிறு சாதகம் சேர்ந்து சேர்ந்து சலுகையை விழுங்கிவிடும். எங்கே எழுந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுந்து போகிறவருக்குத்தான் இந்தச் சலுகை லாபம்; எழாதவருக்கு அது தூண்டில்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் டான் ஜான்சன் என்ற ஆட்டக்காரர் இதே 20 விழுக்காட்டு இழப்புத் தள்ளுபடியைப் பேரம் பேசி வாங்கி, 2011 ஐ ஒட்டிய சில மாதங்களில் மூன்று கேசினோக்களிடமிருந்து சுமார் 1.5 கோடி டாலர் வென்றார். இணையக் கேசினோக்களின் "போனஸ்" விதிகளிலும் இந்த அச்சமே வேறு உருவில் இருக்கும். ₹10,000 போனஸை எடுக்க அதன் 30 மடங்கு, அதாவது ₹3,00,000 பந்தயம் வைக்க வேண்டும் என்பார்கள். நூற்றுக்கு 5 பிடித்துக்கொள்ளும் ஸ்லாட் எந்திரத்தில் அதை ஆடினால் எதிர்பார்க்கத்தக்க இழப்பு ₹15,000, போனஸைவிட அதிகம். சரியாக ஆடப்படும் பிளாக்ஜாக்கில் நூற்றுக்கு அரை என்று கொண்டால் இழப்பு ₹1,500 தான். அதனால்தான் பிளாக்ஜாக் பந்தயங்கள் கணக்கில் சேராது அல்லது பத்தில் ஒரு பங்காகவே சேரும் என்று விதி எழுதுகிறார்கள்.

விலக்கும் விதியை இப்படி அளவிட்டு எழுதுவது ஒரு வகை. ஆட்டங்களின் பெயர், பந்தய அளவு, ஆட வேண்டிய நேரம் எல்லாம் அதில் முன்கூட்டியே தெரிந்துவிடும். "நிர்வாகம் கருதினால்" என்று மனம்போல் எழுதுவது மற்றொரு வகை. உங்களிடம் காட்டியது இது. முன்னதை எதிர்ப்பது கடினம். பின்னதில், யார் திறமைசாலி என்பதை ஆட்டம் முடிந்து கணக்குப் பார்த்த பிறகு அவர்களே தீர்மானிக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் தோற்ற ஒவ்வொருவரையும் திறமைசாலி என்று சொல்லிவிடலாம். ₹1,80,000 தோற்றவருக்கு அது ஒரு விசித்திரமான பட்டம்தான்.

வெளிநாட்டில் இரு வழக்குகள் நினைவுக்கு வருகின்றன. சீட்டு எண்ணுவதற்காகத் தடுக்கப்பட்ட கென் உஸ்டன் வழக்கில், ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி இல்லாமல் கேசினோ தானாக அவரை விலக்க முடியாது என்று நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1982 இல் தீர்ப்பளித்தது. கேசினோக்கள் கதவைத் திறந்தன. ஆனால் சீட்டுக்கட்டை அடிக்கடி கலைத்து அந்தத் திறமையைப் பயனற்றதாக்கின. 2021 இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம், இணைய பிளாக்ஜாக்கில் 17 லட்சம் பவுண்டுக்கு மேல் வென்றவருக்கு, நிறுவனம் காட்டிய விலக்கு விதிகள் தெளிவாக அவர் கவனத்துக்குக் கொண்டுவரப்படவில்லை என்று கூறிப் பணத்தைத் தரச் சொன்னது. இவை நம் ஆணையங்களைக் கட்டுப்படுத்தா. இரண்டாவதன் தர்க்கத்தை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

சீட்டு எண்ணுவது மோசடியா?

"போலீஸில் சொல்லுவோம்" என்று மேலாளர் மிரட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318 ஆம் பிரிவின்படி மோசடி என்றால் ஒருவரை வஞ்சித்து, நேர்மையற்ற முறையில் பொருளைக் கொடுக்க வைத்திருக்க வேண்டும். மேசையில் எல்லாரும் பார்க்கக் கிடக்கும் சீட்டுகளை மனத்தில் கூட்டிக் கழிப்பது அந்த வரையறைக்குள் வராது. கைபேசி, மறைகருவி, கூட்டாளியின் சைகை என்று போனால் நிலைமை மாறும். பில் ஐவி என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரர் சீட்டின் பின்பக்க அச்சுப் பிசகைக் கண்டு, சீட்டு போடுபவரைக் கொண்டே அவற்றைத் திருப்பி வைக்கச் செய்து வென்ற 77 லட்சம் பவுண்டை, அது ஏமாற்றே என்று 2017 இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மறுத்தது. நீங்கள் சீட்டைத் தொடவில்லை, யாரையும் தொடவைக்கவும் இல்லை. பயப்பட வேண்டாம்.

கோவாவில் 1976 ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்டச் சட்டத்தில் பின்னர் செய்த திருத்தங்களின் கீழ் உரிமம் பெற்ற கப்பல்களில் மேசைச் சூதாட்டம் அனுமதிக்கப்பட்டது என்பதால், அங்கே போய் ஆடியதற்காகக் கிருஷ்ணகிரியில் உங்கள்மீது வழக்கு வராது.

எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது

₹36,000 ஐ சிவில் நீதிமன்றத்தில் கேட்கலாமா என்றால், 1872 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. பந்தய ஒப்பந்தம் செல்லாது. பந்தயத்தில் வென்றதாகச் சொல்லும் எதையும் வழக்குப் போட்டு வாங்க முடியாது. தள்ளுபடி என்பது வென்ற பணம் அல்லவே, அது பந்தயத்தை ஒட்டிய தனி வாக்குறுதியல்லவா என்று நாம் வாதிடலாம். பந்தயம் செல்லாததே தவிர சட்டவிரோதம் அல்ல, அதை ஒட்டிய துணை ஒப்பந்தம் நிற்கும் என்று 1959 ஆம் ஆண்டு கெருலால் பரக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது நமக்கு உதவும். எதிர்த்தரப்போ, தோல்வியைக் குறைத்துத் தருவது பந்தயத்தின் விலையையே மாற்றுவதுதான், ஆகவே அதுவும் பந்தயத்தின் பகுதி என்று சொல்லும். வாதத்தின் எடை அவர்கள் பக்கம் சற்றுச் சாய்வதாகவே நான் கருதுகிறேன். இந்தத் தொகை கிடைத்தால் நல்லது என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன விஷயம்தான் உங்கள் பலமான பகுதி. ₹30,000 கொடுத்து இரண்டு இரவு அறை, சாப்பாடு, சிப்புகள் வாங்கினீர்கள். ஓர் இரவுதான் கிடைத்தது. இதில் பந்தயமே இல்லை. விலை கொடுத்து வாங்கிய சேவை பாதியில் நிறுத்தப்பட்டிருக்கிறது. 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இது சேவைக் குறைபாடு. அறிவித்த சலுகையைத் தராமல் இருப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்றும் அதோடு சேர்த்து வாதிடலாம். இரண்டாம் இரவின் பங்கு, பறித்த ₹4,000 சிப்புகள், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்குமான இழப்பீடு என்று கேளுங்கள். தள்ளுபடியை அதற்கு அடுத்த கோரிக்கையாக வையுங்கள்.

இதை நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே போடலாம். பனாஜிக்கு அலைய வேண்டியதில்லை. சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம். கொடுத்த விலை ₹5,00,000 வரை என்றால் கட்டணம் இல்லை. பதினோராவது விதியையே நியாயமற்ற ஒப்பந்தம் என்று அறிவிக்கக் கோர வேண்டுமானால் அது மாவட்ட ஆணையத்தின் வரம்பில் இல்லை, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். ₹36,000 க்காக அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனுக் கொடுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். கோவா நிறுவனத்தின்மீது அவருக்கு அதிகாரம் இல்லை. அந்த அரை நாள் விடுப்பை மிச்சப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இல் பதிவு செய்வது அதைவிடப் பயன் தரும்.

முதலில் ஒரு வழக்கறிஞர் நோட்டீஸ். அதற்கு முன் வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள், கைபேசியையும் மாற்றாதீர்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியமாக்கப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63 ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவைப்படும். பணம் கட்டிய ரசீதும், அந்தத் துண்டறிக்கையை நீங்கள் எடுத்த படமும் வேண்டும். படத்தில் அச்சிட்ட தேதி தெரிகிறதா என்று பாருங்கள். முன்பணம் கட்டும்போது அந்த விதி எங்கேனும் உங்களுக்குக் காட்டப்பட்டதா என்பதற்கு நேர்மையான பதிலையும் எனக்கு எழுதுங்கள். நுழைவாயிலில் ஏதாவது ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் வழக்கின் நிறமே மாறிவிடும்.

ஒரு வரியை நோட்டீஸில் எழுதவே கூடாது

"இது எனக்கு இரண்டாவது வருமானம்" என்று எழுதியிருக்கிறீர்கள். வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் ஆகமாட்டார். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு என்றாலும், மாதச் சம்பளம் வாங்கும் உங்களுக்கு அது எட்டாது. அந்த ஒரு வரியைக் கொண்டே எதிர்த்தரப்பு உங்கள் புகாரை வாசலிலேயே நிறுத்திவிட முடியும். பொய் சொல்லச் சொல்லவில்லை. அது உண்மையிலேயே வருமானமா என்று பார்க்கச் சொல்கிறேன்.

சூதாட்ட வெற்றிக்கு வருமான வரி 30 விழுக்காடு, 4 விழுக்காடு செஸ் சேர்த்தால் 31.2. இதில் தோற்றதைக் கழிக்க முடியாது. பல அமர்வுகளில் மொத்தம் ₹5,00,000 வென்று ₹4,60,000 தோற்றால் உங்கள் கையில் நிற்பது ₹40,000, வரியோ ₹1,56,000. போதாததற்குச் சிப் வாங்கக் கட்டும் தொகையின்மீது 2023 அக்டோபர் 1 முதல் 28 விழுக்காடாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 ஆகிவிட்டது. அதை யார் தலையில் ஏற்றுவது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். சீட்டு எண்ணுவதில் தேர்ந்தவருக்கே கிடைக்கும் சாதகம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான். தரக்கட்டுப்பாட்டில் இருப்பவர் நீங்கள். இந்த எந்திரத்துக்குச் சான்றிதழ் கொடுப்பீர்களா?

நண்பர்கள் சொன்ன இரண்டு யோசனைகள்

மச்சானின் ஆதாரைக் காட்டி மறுபடியும் போகலாம் என்பது முதல் யோசனை. இதுவரை உங்கள்மீது குற்றம் எதுவும் இல்லை. அதைச் செய்தால் ஆள்மாறாட்ட மோசடி என்ற நியாய சன்ஹிதாவின் 319 ஆம் பிரிவும், வரவேண்டாம் என்று சொன்ன இடத்தில் நுழைந்ததற்கு அத்துமீறலும் சேர்ந்து வரலாம். மச்சானும் மாட்டுவார்.

வெளிநாட்டுச் செயலிகளில் ஆடலாம் என்பது இரண்டாவது. தமிழ்நாட்டின் 2022 ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தில் ஆடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது ₹5,000 வரை அபராதம் அல்லது இரண்டுமே உண்டு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடே பார்க்காமல் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவதைத் தடை செய்கிறது. அந்தச் செயலி உங்கள் பணத்தைத் தராவிட்டால் எந்த முகவரிக்கு நோட்டீஸ் அனுப்புவோம்?

கடைசிப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், அந்த ₹1,80,000 அப்பாவின் மாந்தோப்புக் குத்தகைப் பணம் என்றும், வீட்டில் தெரியாது என்றும், அதை மீட்க "இன்னும் ஒரே ஒரு முறை" போக வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எட்டுப் பக்கங்களில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது இந்த அடைப்புக்குறிதான். எழ வேண்டிய நேரத்தில் எழுவதே உங்கள் கணக்கின் அடிப்படை. மீட்கப் போகிறவர் அதைக் கைவிட்டுவிடுகிறார். இரவில் தூக்கம் வராமல் இந்த எண்ணம் சுற்றினால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸில் தமிழிலேயே பேசலாம். உங்கள் பெயர் வெளியே போகாது.

நோட்டீஸ் அனுப்பினால் அதற்கான பதிலும், பின்னர் ஆணையத்தின் கடிதங்களும் நீங்கள் கொடுத்த வீட்டு முகவரிக்கே வரும். நீங்கள் ஓசூரில் பணியில் இருக்கும் நேரத்தில் அஞ்சல்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கப் போகிறவர் உங்கள் மனைவியோ அப்பாவோதான். ஆகவே காகிதங்களை எனக்கு அனுப்புவதற்கு முந்தைய நாளே அவர்கள் இருவரிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள்.